செத்த பேட்டரியும் காஸ்தோன் பிளாந்தேயும்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது முதலில் கவிதைதான் எழுதலாம் என்று நினைத்தேன். நம் வகுப்பில் மட்டும் பதினாறு பேர் கவிதை கொடுத்துவிட்டார்கள், அதில் பதினைந்து காதல் கவிதை என்றார். சரி, நமக்கு அது வேண்டாம் என்று ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தேன். நியூட்டன், எடிசன் எல்லாம் போன வருஷ மலர்களிலேயே வந்தாச்சு. நான் எழுதப்போகும் மனுஷன் பேரை நம்மில் பல பேர் கேட்டிருக்க மாட்டோம். ஆனால் அவர் செய்த பொருள் நம் சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கிற ஒவ்வொரு பழைய பைக்கின் சீட்டுக்குக் கீழேயும் இருக்கிறது. அவர் பேர் காஸ்தோன் பிளாந்தே. திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யக்கூடிய பேட்டரியை உலகத்துக்குக் கொடுத்தவர்.

அவர் கதைக்கு முன்னால் எங்கள் வீட்டுக் கதை கொஞ்சம். ஏனென்றால் அது நடக்கவில்லை என்றால் இவரை நான் தேடியே இருக்க மாட்டேன்.

எங்கள் வீட்டு பைக்

அப்பா காய்கறி வியாபாரம். விடிகாலை மூன்று மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை பிடித்து, பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். பழைய பைக். கிக்கர் மட்டும்தான், செல்ஃப் கிடையாது. போன வருஷம் அப்பா காலில் கம்பி குத்தி, ரெண்டு மாசம் வீட்டோடு இருந்தார். பைக் வேப்பமரத்தடியில் கிடந்தது. கால் ஆறி எடுத்துப் பார்த்தால் வண்டி நாலாவது உதையில் கிளம்பியது. ஆனால் ஹாரன் அடிக்கவில்லை. இண்டிகேட்டர் இல்லை. பிரேக் லைட்டும் இல்லை.

பகலில் ஓட்டுகிறவருக்கு இது சின்ன விஷயம். மூன்று மணி இருட்டில், முதுகுக்குப் பின்னால் லாரி வரும்போது, பிரேக் பிடித்தது பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது என்றால் அது சின்ன விஷயம் இல்லை. அம்மா அப்பாவைப் போகவே விடவில்லை.

பக்கத்து ஊரில் ஒரு கடையில் காட்டினோம். பேட்டரி போச்சு, காயில் போச்சு, ரெக்டிபயரும் போச்சு, எல்லாம் சேர்த்து மூவாயிரத்து எண்ணூறு ஆகும் என்றார்கள். அப்பா ஒன்றும் பேசாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் என்னைப் பார்த்துக் கேட்டார், ஏம்ப்பா, நீ இதைத்தானே படிக்கிற, இது என்னன்னு பாரேன் என்று.

நண்பர்களே, எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான். நான் என்ன படிக்கிறேன் என்று அப்பா கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு வியர்த்துவிட்டது. பேட்டரி பற்றிப் பரீட்சையில் பத்து மார்க் கேள்விக்கு எழுதியிருக்கிறேன், படமும் போட்டிருக்கிறேன். ஆனால் செத்த பேட்டரி ஒன்றைக் கையில் கொடுத்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. அதை அப்பாவிடம் சொல்லவும் வாய் வரவில்லை. நாளைக்குப் பார்த்துச் சொல்றேம்ப்பா என்று பேட்டரியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு மறுநாள் காலேஜுக்கு வந்தேன். அன்றைக்கு லைப்ரரியில் புத்தகம் புரட்டும்போதுதான் அந்தப் படம் கண்ணில் பட்டது. கண்ணாடி ஜாடிக்குள் பாய் மாதிரி சுருட்டி வைத்த காரீயத் தகடு. கீழே பிளாந்தேயின் பேர்.

ஒர்தேஸ் ஊர்ப் பையன்

பிரான்ஸ் நாட்டின் தென்மேற்கு மூலையில், பிரனீஸ் மலைத்தொடருக்குப் பக்கத்தில் ஒர்தேஸ் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1834 ஏப்ரல் 22ஆம் நாள் பிளாந்தே பிறந்தார். இவருடைய தம்பி ஃபிரான்சிஸ் பிளாந்தே பெரிய பியானோக் கலைஞர். அந்தக் காலத்தில் பிளாந்தே என்றால் ஊர் உலகத்துக்குத் தம்பியைத்தான் தெரியும். அண்ணன் ஆய்வுக்கூடத்துக்குள் இருந்துவிட்டார்.

இருபது வயதில், 1854ல், பாரிஸில் உள்ள கலை மற்றும் கைத்தொழில் கழகத்தில் இயற்பியல் ஆய்வுக்கூட உதவியாளராகச் சேர்ந்தார். 1794ல் தொடங்கிய அந்தக் கழகம் தொழில் செய்கிறவர்களுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுப்பதற்காகவே ஏற்பட்டது. இவருக்கு மேலே இருந்த பேராசிரியர் எட்மண்ட் பெக்கரல். வெளிச்சம் பட்டால் மின்சாரம் வரும் என்று 1839லேயே கண்டவர் அவர். இன்றைக்குக் கூரை மேல் இருக்கும் சோலார் பேனலுக்கு விதை போட்டவர். கதிரியக்கத்தைக் கண்டுபிடித்த ஹென்றி பெக்கரல் அவருடைய மகன்தான். ஆக, சோலார் பேனலின் மூல புருஷரும் பேட்டரியின் மூல புருஷரும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்திருக்கிறார்கள். இன்றைக்கு மொட்டை மாடியில் பேனலும் கீழே பேட்டரியும் சேர்ந்து நிற்பதைப் பார்த்தால் எனக்கு அந்த ரெண்டு பேர் ஞாபகம்தான் வருகிறது.

உதவியாளர் வேலை என்றால் நம் லேபில் இருக்கும் அண்ணன்கள் செய்கிற வேலைதான். பாடத்துக்கு முன்னால் கருவிகளை எடுத்து வைக்க வேண்டும், ஒயர் இணைக்க வேண்டும், பாடம் முடிந்ததும் கழுவி வைக்க வேண்டும். பிளாந்தே பெரிய ஆளாக ஆனது அந்த வேலையில் இருந்து ஆரம்பித்துத்தான்.

அடுத்த வருஷம் ஒரு வேடிக்கை நடந்தது. 1855ல் பாரிஸுக்குப் பக்கத்தில் மெதோன் என்ற இடத்தில் மண்ணுக்குள் இருந்து ஒரு பெரிய எலும்பை எடுத்தார். அது பல கோடி வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த, பறக்கத் தெரியாத, ஆள் உயரத்துக்கு நின்ற ஒரு ராட்சசப் பறவையின் கால் எலும்பு. அந்தப் பறவைக்கு இவர் பேரையே வைத்து காஸ்தோர்னிஸ் என்று அழைத்தார்கள். பேட்டரிக்கு முன்னாலேயே ஒரு பறவை இவர் பேரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது!

எல்லோரும் குறை என்றதை இவர் பிடித்தார்

அந்தக் காலத்தில் மின்சாரம் வேண்டும் என்றால் வோல்டா 1800ல் செய்த வழியில்தான் எடுக்க வேண்டும். ரெண்டு உலோகம், நடுவில் ஒரு திரவம். துத்தநாகம் கரையக் கரைய மின்சாரம் வரும். கரைந்து முடிந்தால் கதை முடிந்தது. விறகு எரிகிற மாதிரி. சாம்பலைத் திரும்ப விறகாக்க முடியாது. நம் ரிமோட்டுக்குப் போடுகிற பென்சில் செல் இந்த ஜாதி.

இந்த செல்லுக்கு ஒரு பெரிய குறை போலரைசேஷன். வைவாவில் எல்லோரையும் கேட்பார்களே, அதேதான். மின்சாரம் ஓடும்போது தகட்டின் மேல் வாயுவும் வேறு பொருள்களும் படிந்து, எதிர்த்திசையில் ஒரு மின்சாரத்தைத் தள்ளப் பார்க்கும். அதனால் செல் பலவீனமாகும். இதை எப்படி ஒழிப்பது என்றுதான் பல பேர் மூளையைக் கசக்கினார்கள்.

பிளாந்தே கேள்வியைத் திருப்பிப் போட்டார். எதிர்த்திசையில் மின்சாரம் தள்ளுகிறது என்றால், தள்ளுகிற சக்தி அங்கே தங்கியிருக்கிறது என்றுதானே அர்த்தம்? அதை ஏன் ஒழிக்க வேண்டும்? பிடித்து வைத்துக்கொண்டால் என்ன?

இந்த எதிர் மின்சாரத்தை ஜெர்மனியில் ரிட்டர் என்பவர் அரை நூற்றாண்டுக்கு முன்பே கவனித்திருந்தார். 1854ல் சின்ஸ்டெடன் என்ற இன்னொரு ஜெர்மானியர் காரீயத் தகட்டை வைத்தும் பார்த்திருந்தார். ஆனால் அதை முறையாகத் துருவித் துருவிப் பார்த்து, உபயோகப்படும் ஒரு பொருளாக ஆக்கியவர் பிளாந்தே. செம்பு, வெள்ளி, தங்கம், பிளாட்டினம், வெள்ளீயம், காரீயம் என்று ஒவ்வொரு உலோகமாக எடுத்து, அமிலத்தில் நிறுத்தி, மின்சாரம் செலுத்தி, பிறகு நிறுத்தி, எதில் இருந்து எவ்வளவு திரும்பி வருகிறது, எவ்வளவு நேரம் வருகிறது என்று அளந்தார். தங்கமும் பிளாட்டினமும் தோற்றன. ஜெயித்தது மலிவான, கனமான, கையில் பட்டால் கறுப்பு ஒட்டுகிற காரீயம்.

பாய் மாதிரி சுருட்டிய காரீயம்

1859ல் அவர் செய்த செல் இதுதான். ரெண்டு நீளமான காரீயத் தகடு. ஒன்றை ஒன்று தொடாமல் இருக்க நடுவில் ரப்பர் பட்டைகள். ரெண்டையும் சேர்த்துப் பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி, தண்ணீர் கலந்த கந்தக அமிலத்தில் இறக்கினார். தண்ணீர் பத்தில் ஒன்பது பங்கு, அமிலம் ஒரு பங்கு. சுருட்டியதால் சின்ன ஜாடிக்குள் நிறையத் தகடு அடங்கியது. பரப்பு கூடினால் மின்சாரமும் கூடும்.

1860ல் இப்படி ஒன்பது செல்களைச் சேர்த்து பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. நம்மைவிட ஏழு வயதுதான் கூட. ஒரு செல்லுக்கு ஏறக்குறைய 2 வோல்ட். இன்றைக்கும் அதே 2 வோல்ட்தான். நம் பைக் பேட்டரியில் ஆறு செல், அதனால் 12 வோல்ட். இந்தக் கணக்கை நூற்று அறுபது வருஷத்துக்கு மேலாக யாராலும் மாற்ற முடியவில்லை. காரீயமும் அமிலமும் போட்ட கணக்கு அது.

அதே 1860ல் அவருக்கு இன்னொரு வேலையும் கிடைத்தது. உழைக்கும் மக்களுக்குக் கல்வி கொடுப்பதற்காகப் பாரிஸில் இருந்த பாலிடெக்னிக் சங்கத்தில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். ஆமாம் நண்பர்களே, பாலிடெக்னிக்தான். நம் காலேஜ் வாசலில் ஆர்ச்சில் எழுதியிருக்கும் அதே சொல். பேட்டரியைக் கண்டுபிடித்தவர், தொழிலாளிகளுக்கு வாத்தியாராக இருந்திருக்கிறார் என்று படித்தபோது எனக்கு என்னவோ சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

பழக்கப் பழக்கத்தான் பலம்

இங்கேதான் அவர் வாழ்க்கையின் முக்கியமான பகுதி வருகிறது.

புதிதாகச் செய்த காரீயத் தகட்டுக்கு ஒன்றும் பெரிய பலம் இல்லை. சார்ஜ் போட்டால் மேல்தோல் மட்டும் மாறும். ஒரு தகட்டின் மேல் சாக்லேட் நிறத்தில் காரீய ஆக்சைடு மெல்லிசாகப் படியும். கொஞ்ச நேரம் மின்சாரம் கொடுத்துவிட்டுப் படுத்துவிடும். வேறு யாராவது என்றால் இது உதவாது என்று விட்டிருப்பார்கள்.

பிளாந்தே விடவில்லை. சார்ஜ் போட்டார், இறக்கினார். மறுபடி போட்டார், மறுபடி இறக்கினார். அடுத்து ஒயரை மாற்றி, எதிர்த்திசையில் சார்ஜ் போட்டார். நடுநடுவே ஓய்வு விட்டார். ஓய்வு முதலில் சில மணி நேரம், பிறகு நாள் கணக்கில். இப்படிச் செய்யச் செய்ய, மாற்றம் மேல்தோலைத் தாண்டி உள்ளே இறங்கியது. தகடு பஞ்சு மாதிரி துளைத் துளையாக ஆனது. ஒவ்வொரு சுற்றுக்கும் செல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதல் மின்சாரத்தைத் தாங்கியது. ஒரு செல்லைத் தயார் செய்ய மாசக்கணக்கில் ஆனது. இந்தப் பழக்குதலை ஃபார்மிங் என்கிறார்கள். பின்னாளில் தகடுகளை முதலில் நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்தால் இந்தக் காலம் குறையும் என்றும் அவரே கண்டார்.

சார்ஜ் போட அவரிடம் ஈ.பி. லைன் இருந்ததா? கிடையாது. டைனமோகூட இல்லை. துத்தநாகத்தைக் கரைத்து மின்சாரம் எடுக்கும் பழைய செல்களை வைத்துத்தான் சார்ஜ் போட்டார். அதாவது விறகை எரித்து எரித்து, அணையாத ஒரு அடுப்பைப் பழக்கினார். இதனால் என்ன லாபம் என்று பார்த்தவர்களுக்குத் தோன்றியிருந்தால் தப்பில்லை.

உள்ளே என்னதான் நடக்கிறது என்பதுகூட அப்போது தெளிவாகத் தெரியாது. ரெண்டு தகடுமே மின்சாரம் கொடுக்கும்போது காரீய சல்ஃபேட்டாக மாறுகின்றன, அமிலம் தண்ணீராகிறது, சார்ஜ் போட்டால் எல்லாம் திரும்புகிறது என்று கிளாட்ஸ்டன், டிரைப் என்ற ரெண்டு ஆங்கிலேயர்கள் 1882ல்தான் விளக்கினார்கள். பிளாந்தே அதற்கு இருபத்து மூன்று வருஷம் முன்னாலேயே கையால் செய்துவிட்டார்.

சும்மா கிடந்தால் சாகும்

இந்த இடத்தில் எங்கள் வீட்டுப் பேட்டரிக்குத் திரும்புகிறேன்.

பேட்டரி உழைத்துச் சாகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். உண்மையில் பைக் பேட்டரி பல சமயம் சும்மா கிடந்துதான் சாகிறது. வண்டி நின்றாலும் பேட்டரி தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இறங்கிய நிலையில் தகடுகளின் மேல் காரீய சல்ஃபேட் இருக்கும். உடனே சார்ஜ் போட்டால் அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். வாரக்கணக்கில் விட்டால் அந்த சல்ஃபேட் கல் மாதிரி இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் முழுசாகத் திரும்பாது. பிளாந்தே ஓய்வு விட்டார்தான். ஆனால் ஓய்வுக்குப் பிறகு தவறாமல் வந்து மறுபடி சார்ஜ் போட்டார். அதுதான் வித்தியாசம்.

லேபில் அந்த அண்ணனிடம் பேட்டரியைக் காட்டினேன். அவர் செய்யவைத்த வரிசையை எழுதுகிறேன், உங்கள் வீட்டிலும் உதவும்.

முதலில் ஆறு மூடியையும் திறந்து தண்ணீர் மட்டம் பார்த்தோம். ரெண்டு செல்லில் தகடே வெளியே தெரிந்தது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினோம். குழாய்த் தண்ணீர் கூடாது. ஆசிட்டும் ஊற்றக் கூடாது. பேட்டரியில் குறைவது தண்ணீர்தான், அமிலம் உள்ளேயே இருக்கிறது. டெர்மினலில் பூத்திருந்த வெள்ளையைச் சோடா உப்புக் கரைசலில் துடைத்தோம், கரைசல் செல்லுக்குள் இறங்காமல். பிறகு சார்ஜ். எங்கள் பேட்டரி 2.5 ஆம்பியர் அவர். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது கால் ஆம்பியரில் மெதுவாகப் போட வேண்டும். கார் பேட்டரிக்குப் போடுகிற மாதிரி வேகமாகப் போட்டால் தகடு வளைந்து போகும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் பீடி, தீப்பொறி கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

மறுநாள் பார்த்தோம். ஐந்து செல்லில் குமிழி வந்தது. மூன்றாவது செல்லில் வரவில்லை. சின்ன ஹைட்ரோமீட்டர் வைத்தோம். ஐந்தில் 1.24க்கு மேல். மூன்றாவதில் 1.10. சில மணி நேரம் விட்டு மல்டிமீட்டர் வைத்தால் 10.5 வோல்ட். நல்ல பேட்டரி என்றால் 12.6 காட்ட வேண்டும். ஒரு செல் கழன்றால் 2.1 குறையும். கணக்கு அப்படியே பொருந்தியது. ஒரு செல் செத்துவிட்டது. அதற்கு மருந்து இல்லை.

அடுத்து என் நண்பனின் பைக்கில் இருந்து அதே அளவுள்ள நல்ல பேட்டரியை வாங்கிப் போய் எங்கள் வண்டியில் மாட்டி, ஆக்சிலேட்டர் கொடுத்து மீட்டர் பார்த்தேன். 14.1 வோல்ட். அப்படியென்றால் காயிலும் ரெக்டிபயரும் நல்லா இருக்கு, சார்ஜ் ஒழுங்காக ஏறுது என்று அர்த்தம்.

அன்று ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். பேட்டரியைப் பிழைக்க வைக்க முடியலப்பா, ஒரு செல் போச்சு. ஆனா காயில், ரெக்டிபயர் ரெண்டும் நல்லாயிருக்கு, மாத்த வேண்டாம், புது பேட்டரி மட்டும் போதும். முடியவில்லை என்று சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. அப்பா மீட்டரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரி, நீ சொன்னா சரிதான் என்றார். ஆயிரத்துச் சொச்சத்தில் வேலை முடிந்தது. பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்தோம். காரீயம் விஷம், மண்ணில் போடக் கூடாது. விற்கிறவர்களும் தயாரிக்கிறவர்களும் திரும்ப வாங்கி உருக்கிப் பயன்படுத்த வேண்டும் என்று நம் நாட்டில் 2001லேயே விதி வந்தது, 2022ல் புது விதியும் வந்திருக்கிறது.

இருபது வருஷக் காத்திருப்பு

பிளாந்தேக்கு வருவோம். 1860ல் கைதட்டல் கிடைத்தது. அதோடு உலகம் ஓடி வந்து வாங்கிக்கொள்ளவில்லை. சார்ஜ் போட மலிவான மின்சாரம் இல்லாதபோது சார்ஜ் ஏற்றும் பேட்டரி எதற்கு? அவர் தன் செல்லை வைத்து மெழுகுவர்த்தி ஏற்றும் ஒரு சின்னக் கருவி செய்தார். டாக்டர்கள் சிகிச்சைக்குக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சவும், உடம்புக்குள் பார்க்கச் சின்ன விளக்கு எரிக்கவும் அது பயன்பட்டது. அவ்வளவுதான்.

1871ல் ஸெனோப் கிராம் என்பவர் நல்ல டைனமோ ஒன்றைப் பாரிஸில் காட்டினார். நிலைமை மாற ஆரம்பித்தது. 1881ல் காமில் ஃபோர் என்பவர், மாசக்கணக்கில் பழக்காமல், காரீய ஆக்சைடைப் பசை மாதிரி குழைத்துத் தகட்டில் பூசிவிடலாம் என்று காட்டினார். அதே வருஷம் தகட்டுக்குப் பதிலாக ஜன்னல் கம்பி மாதிரி சட்டம் செய்து அதில் பசையை அடைக்கும் முறையும் வந்தது. இன்றைக்கும் பைக் பேட்டரி இந்த மாதிரிதான். தொழிற்சாலைகள் கிளம்பின. அதே 1881ல் குஸ்தாவ் ட்ரூவே என்பவர் பிளாந்தேயின் முறையில் செய்த பேட்டரியை வைத்து மூன்று சக்கர வண்டியைப் பாரிஸ் தெருவில் ஓட்டிக் காட்டினார். இன்றைக்கு நாம் பார்க்கிற இ-ஆட்டோவின் பாட்டன் அது.

பசை பூசும் முறை வந்ததும் பிளாந்தேயின் முறை ஒழிந்துபோனதா என்றால் இல்லை. பசை சீக்கிரம் தயார், சீக்கிரம் உதிரும். பழக்கிய தகடு மெதுவாகத் தயார், நாள்பட உழைக்கும். அதனால் மின் நிலையங்களில், எப்போதாவது கரண்ட் போகும்போது கட்டாயம் வேலை செய்தே ஆக வேண்டிய இடங்களில், 20ஆம் நூற்றாண்டிலும் பிளாந்தே தகடுகளை விரும்பி வைத்தார்கள். இருபது வருஷத்துக்கு மேல் உழைக்கும் என்று அவற்றுக்குப் பேர்.

மின்னலைத் தேடி

காத்திருந்த வருஷங்களில் பிளாந்தே சும்மா இருக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடித்த விஷயம். தன் செல்களை ஒன்றோடு ஒன்று கோர்த்துக்கொண்டே போனார். கடைசியில் 800 செல். அவற்றை ஒரே வரிசையில் இணைத்தால் ஆயிரத்தைந்நூறு வோல்ட்டுக்கு மேல். அத்தனையையும் தன் கையாலேயே பழக்கி வைத்திருந்தார். 1877ல் அதோடு மைக்கா கப்பாசிட்டர்களைச் சேர்த்து ஒரு யந்திரம் செய்தார். பக்கவாட்டில் இணைத்துச் சார்ஜ் ஏற்றி, வரிசையில் இணைத்து இறக்கினால் வோல்டேஜ் பல மடங்காகும். நம் பேரலல், சீரிஸ் கணக்குத்தான், ஆனால் நெருப்புப் பொறியோடு.

அந்தப் பொறிகளை வைத்து மின்னல் எப்படி உண்டாகிறது, உருண்டையாக மிதந்து வரும் பந்து மின்னல் என்பது என்ன, துருவப் பக்கம் வானத்தில் தெரியும் வண்ண ஒளி எது என்றெல்லாம் ஆராய்ந்தார். 1879ல் தன் மின்சார ஆராய்ச்சிகளைப் புத்தகமாகப் போட்டார். 1888ல் வானத்து மின்சாரம் பற்றி இன்னொரு புத்தகம். அவர் சொன்ன விளக்கங்கள் எல்லாமே நிலைத்துவிடவில்லை. அதனால் அவர் உழைப்பு குறைந்துவிடுமா?

1889 மே 21ஆம் நாள், பாரிஸ் பக்கத்தில் காலமானார். வயது ஐம்பத்தைந்து. அந்த மாசம்தான் ஈஃபில் கோபுரம் நின்ற பெரிய கண்காட்சி பாரிஸில் திறந்தது. ஊரெல்லாம் மின்விளக்கு. அந்த வெளிச்சத்தின் ஆரம்பத்தை மட்டும் பார்த்துவிட்டு அவர் போய்விட்டார்.

பத்து வருஷம் கழித்து 1899ல், உலகத்துக் கார்களில் முதல்முதலாக மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது காரீய பேட்டரியில் ஓடிய ஒரு கார்தான். 1912ல் காருக்கு செல்ஃப் ஸ்டார்ட் வந்தது. அதற்குப் பிறகு பேட்டரி இல்லாத காரே இல்லை என்றானது. இன்றைக்கு லித்தியம் வந்துவிட்டது, மூடி திறக்க முடியாத சீல் செய்த பேட்டரிகளும் வந்துவிட்டன. புது பைக்குகளில் எஃப்.ஐ. இருக்கிறது, பகலிலும் ஹெட்லைட் எரிகிறது, பல வண்டிகளில் கிக்கரே இல்லை. பேட்டரி செத்தால் வண்டியே நின்றுவிடும். அதனால் பிளாந்தேயின் பெட்டிக்கு மதிப்பு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

நண்பர்களே,

நம்மில் பல பேர் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். முதல் செமஸ்டரில் அரியர் விழுந்ததும் நமக்கு இது வராது என்று ஹாஸ்டல் ரூமில் சுருண்டு கிடந்தவர்களில் நானும் ஒருவன். ரெண்டு அரியர். எனக்குப் படிப்பு மேல்தோலோடு நின்றிருந்தது, அவ்வளவுதான். இப்போது தெரிகிறது, புதுத் தகடு முதல் சார்ஜிலேயே பலம் காட்டாது. ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும், மறுபடி ஏற்ற வேண்டும். இறங்கின நிலையில் அப்படியே கிடப்பதுதான் ஆபத்து. அந்த ரெண்டு அரியரில் ஒன்றை எழுதி முடித்துவிட்டேன். இன்னொன்று ஏப்ரலில்.

லீவில் ஊருக்குப் போகிறவர்கள் வீட்டில் சும்மா நிற்கிற வண்டி இருந்தால் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஒரு மாசத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் பேட்டரி ஒயரைக் கழற்றி வையுங்கள், முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது முதலில் பாசிட்டிவ். மாசம் ஒரு தடவை மெதுவாக ஒரு சார்ஜ்.

அப்பா இப்போதும் மூன்று மணிக்குத்தான் கிளம்புகிறார். கிளம்பும் முன் பிரேக்கை ஒருமுறை மிதிப்பார். பின்னால் சுவரில் சிவப்பு வெளிச்சம் விழும். அதைப் பார்த்த பிறகுதான் அம்மா கதவைச் சாத்துவார்.



— இரண்டாம் ஆண்டு மாணவன், எந்திரவியல் பிரிவு